பேஸ்லைன் வீதியில் ஒரு வாழ்க்கை: மகாதேவன் சதாசிவம்

வெள்ளவத்தையில் இருபது வயதுப் பிள்ளை ஒருவரிடம் மகாதேவன் சதாசிவம் என்ற பெயரைச் சொன்னால் யாரென்று கேட்பார். அறுபதைத் தாண்டியவர்களிடம் சொன்னால் ஒரு கொலை வழக்குதான் முதலில் ஞாபகத்துக்கு வரும், கிரிக்கெட் அதன் பிறகு. எண்பதைக் கடந்த சிலர் மட்டும் கையை மெதுவாகக் கீழே இறக்கி, பின்னால் போகும் பந்தைக் கடைசி நொடியில் தட்டிவிடுவதுபோல ஒரு சைகை செய்து காட்டுவார்கள். அதுதான் சதாவின் லேட் கட். அந்தச் சைகையை மூன்று நான்கு பெரியவர்களிடம் நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த என் பெரியப்பா. அவர் மட்டை பிடித்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த அடி அவருடைய கையில் இருந்தது.

இலங்கை, சிங்கப்பூர், மலாயா ஆகிய மூன்று நாடுகளின் அணிகளுக்கும் தலைவராக இருந்த ஒரு தமிழரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதியவர்கள் குறைவு. எழுதியவர்களும் பெரும்பாலும் வழக்கைத்தான் எழுதினார்கள். ஆங்கிலத்தில் அந்த வழக்கைப் பற்றிப் புத்தகமே இருக்கிறது. இந்தக் கட்டுரையில் வழக்கும் வரும். அதைத் தவிர்த்துவிட்டு அவருடைய கதையைச் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய கதைக்குள் இன்னும் இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று, கொழும்புத் தமிழர்கள் கட்டிய ஒரு விளையாட்டுக் கழகத்தின் கதை. மற்றது, பெயர் மறக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதை.

இனத்துக்கு ஒரு கழகம்

பிரித்தானியர் ஆண்ட கொழும்பில் கிரிக்கெட் கழகங்கள் இனவாரியாகவே உருவாகின. 1863இல் தொடங்கிய கொழும்பு கிரிக்கெட் கழகம் ஐரோப்பியருக்கானது. மலாயர், பறங்கியர், சோனகர் என்று ஒவ்வொரு சமூகமும் தனக்கென ஒரு கழகம் அமைத்துக்கொண்டது. 1899இல் சிங்கள விளையாட்டுக் கழகம் தோன்றியது. தமிழ் யூனியன் கிரிக்கெட் மற்றும் தடகளக் கழகமும் அதே ஆண்டில்தான் தோன்றியது. நாட்டின் மிகப் பழைய கழகங்களுள் இரண்டு ஒரே வயதுடையவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தமிழ் யூனியன் எல்லாத் தமிழருக்குமான கழகமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது வழக்கறிஞர்கள், வைத்தியர்கள், அரச உத்தியோகத்தர்கள் ஆகியோரின் கழகம். மாலையில் டென்னிஸ், இரவில் மதுவும் சீட்டும், வார இறுதியில் கிரிக்கெட். துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழனும் செட்டியார் தெருவில் கணக்கெழுதிய தமிழனும் அதன் உறுப்பினர்களாக இருந்ததில்லை. ஆனாலும் தமிழ் யூனியன் வென்றால் கொட்டாஞ்சேனைத் தேநீர்க் கடைகளில் அதைப் பற்றிப் பேசினார்கள். உள்ளே போக முடியாதவர்களும் வேலிக்கு வெளியே நின்று அதைத் தங்களுடையது என்று எண்ணினார்கள்.

அந்தக் கழகத்துக்குத் தரமான மைதானம் கிடைக்கப் பெரிதும் காரணமாக இருந்தவர் பாக்கியசோதி சரவணமுத்து. இலங்கை சிவில் சேவை அதிகாரி. அவருடைய சகோதரர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். மூத்தவர்களுள் ஒருவரான டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து 1937இல் கொழும்பின் முதல் தெரிவுசெய்யப்பட்ட மேயரானார். இரத்தினசோதியின் மனைவி நேசம் சரவணமுத்து 1932இல் கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். இன்னொரு சகோதரர் மாணிக்கசோதி பினாங்கில் புகழ்பெற்ற பத்திரிகையாளர்.

பொரளைக்கு அருகே, பேஸ்லைன் வீதிக்கு அப்பால், வனாத்தமுல்லையில் சேறும் சதுப்புமாகக் கிடந்த நிலம் பாக்கியசோதியின் முயற்சியால் கொழும்பு ஓவல் ஆனது. 1945இல் இந்திய அணி வந்து அங்கே ஆடியது. 1948இல் இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை உருவானபோது அதன் முதல் தலைவரும் பாக்கியசோதிதான். இன்று சர்வதேசப் போட்டி ஒளிபரப்பில் பி. சரா ஓவல் என்று சொல்லும்போது, ஒரு தமிழ் அரச அதிகாரியின் பெயர்தான் சுருங்கி அப்படி ஒலிக்கிறது.

அந்த மைதானத்தை ஒருவர் கட்டினார் என்றால், அதற்குக் கூட்டத்தைக் கொண்டுவந்தவர் இன்னொருவர்.

சதா

சதாசிவம் 1915 ஒக்டோபர் 18ஆம் திகதி பிறந்தார். படித்தது வெஸ்லி கல்லூரியில். பொரளையில் பேஸ்லைன் வீதியோரம் உள்ள பள்ளி அது. அதன் பிள்ளைகள் விளையாடியது பக்கத்திலுள்ள கெம்பல் பார்க்கில். அங்கிருந்து ஓவலுக்கு நடந்தே போய்விடலாம். அவருடைய வாழ்க்கையின் முக்கிய இடங்களில் பல இந்த ஒரே வீதியை ஒட்டியே அமைந்தன.

பள்ளியை விட்டதும் தமிழ் யூனியனுக்கு ஆடத் தொடங்கினார். அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் ஓட்டக் கணக்கைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவர்கள் சொல்வது நேரத்தைப் பற்றி. பந்து வந்துவிட்டது, விக்கெட் காப்பாளர் கையை விரித்துவிட்டார், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்ற நிலையில்தான் அவருடைய மட்டை இறங்குமாம். பலத்தை நம்பி அடித்தவர் அல்லர். மணிக்கட்டைத் திருப்பி, பந்தின் வேகத்தையே வாங்கிக்கொண்டு, களத்தடுப்பாளர் இல்லாத இடத்துக்கு அதை அனுப்பிவிடுவார். இடத்தை நிரப்ப ஆளை மாற்றினால், ஆள் விட்டுவந்த இடத்துக்கு அடுத்த பந்து போகும்.

1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தார். அவருடைய முதல்தரப் போட்டிகளில் அதுவே அதிகபட்சம். டெஸ்ட் தகுதி இல்லாத ஒரு சின்னத் தீவிலிருந்து போனவர், கிரிக்கெட் அறிந்த சென்னைக் கூட்டத்தின் முன்னால் இரட்டைச் சதம் அடித்தார். சென்னையின் பழைய ரசிகர்கள் நெடுங்காலம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1950இல் கொமன்வெல்த் அணி கொழும்புக்கு வந்தபோது ஓவலில் 96 ஓட்டங்கள். அந்த அணியில் இருந்த மேற்கிந்தியத் தீவுகளின் ஃபிராங்க் வொரல், தாம் பார்த்தவர்களில் இவரைப்போல இன்னொரு துடுப்பாட்டக்காரர் இல்லை என்ற பொருளில் பேசியதாக இன்றுவரை கொழும்பில் சொல்லப்படுகிறது. வொரலே உலகின் சிறந்த துடுப்பாட்டக்காரர்களில் ஒருவராக இருந்த காலம் அது.

அவர் பயிற்சியில் நம்பிக்கை வைத்தவர் அல்லர் என்பதும், இரவு விருந்து முடிந்து நேரே மைதானத்துக்கு வந்து ஆடினார் என்பதும் அவரைப் பற்றிப் புழங்கும் கதைகள். எது நடந்தது, எது பிற்காலத்தில் சேர்ந்தது என்று பிரித்தெடுப்பது கஷ்டம். ஆனால் எல்லாக் கதைகளும் ஒரே மனிதரைத்தான் காட்டுகின்றன: நன்றாக உடுத்தியவர், நன்றாகக் குடித்தவர், கையில் காசு நில்லாதவர், தன் திறமையைத் தானே பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர். அந்தக் கவலையற்ற தன்மையை மைதானத்தில் கூட்டம் கொண்டாடியது. வீட்டில் அதன் விலையை வேறொருவர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

1948

1948 மார்ச்சில் டொன் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் இறங்கி ஒரு நாள் ஆடியது. பின்னர் தோல்வியே காணாத அணி என்று பெயர்பெற்ற அதே அணி. இலங்கை சுதந்திரம் பெற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஓவலில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பிராட்மன் 20 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். ஆடுகளம் 22 யார் நீளம் இருக்க வேண்டியது, இரண்டு யார் குறைவாக அளக்கப்பட்டிருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. அந்தக் குட்டை ஆடுகளத்தின் கதையை இன்றும் சிரித்தபடி சொல்வார்கள். அன்று பிராட்மனோடு நாணயம் சுண்டப் போன இலங்கைத் தலைவர் சதாசிவம்.

எனக்கு இந்தக் கதையில் அந்த இரண்டு யாரைவிட ஆண்டுதான் முக்கியமாகப் படுகிறது. சுதந்திர இலங்கையின் முதல் மாதங்களில் நாட்டின் கிரிக்கெட் அணிக்குத் தமிழர் ஒருவர் தலைவர். கட்டுப்பாட்டுச் சபைக்கும் தமிழர் தலைவர். ஆடியது தமிழ்க் கழகத்தின் மைதானத்தில். இதை வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் பேதமே இருக்கவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அதே 1948இல்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. மலையகத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான தமிழர் நாடற்றவர்களானார்கள். ஆங்கிலம் பேசி, வெள்ளை உடையில் ஆடிய கொழும்புத் தமிழருக்கு இடம் இருந்தது. தேயிலை பறித்த தமிழருக்கு இருக்கவில்லை. சதாசிவத்தின் தலைமையைப் பேதமற்ற ஒரு காலத்தின் சான்றாகக் காட்டுவது அந்த மற்றத் தமிழரை இரண்டாம் முறை விலக்கிவைப்பதாகும்.

சதாசிவத்துக்குப் பின் இலங்கை அணிக்குத் தலைமை ஏற்றவர் எஃப். சி. டி சேரம். ஒழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் பெயர்போனவர், இராணுவ அதிகாரி. குணத்தில் இருவரும் நேர் எதிர். ஆனால் இருவருமே பிற்காலத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்ந்தது. டி சேரம் 1962 இராணுவச் சதி முயற்சியின் முக்கிய எதிரிகளில் ஒருவர். இலங்கை நீதிமன்றத்தில் தண்டனை பெற்று, 1965இல் லண்டன் பிரிவி கவுன்சிலால் விடுவிக்கப்பட்டார். சதாசிவம் அவருக்குப் பத்து ஆண்டுகள் முன்னரே அந்தக் கூண்டில் ஏறிவிட்டார்.

சென். அல்பன்ஸ் பிளேஸ்

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே வடக்கே நடந்தால் சிறிது நேரத்தில் பம்பலப்பிட்டி. அங்கே கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்று சென். அல்பன்ஸ் பிளேஸ். எனக்கு அந்தப் பகுதி நன்றாகத் தெரியும். இன்று அங்கே அடுக்குமாடிகள். 1951இல் தோட்டமும் கராஜும் உள்ள தனி வீடுகள். 7ஆம் இலக்க வீட்டில் சதாசிவத்தின் மனைவி நான்கு பெண் பிள்ளைகளுடன் வாழ்ந்தார். அவருடைய பெயர் பரிபூரணம் ஆனந்தம். வசதியான குடும்பத்தில் பிறந்தவர். கணவனுக்கு வேறொரு பெண்ணோடு உறவு ஏற்பட்டிருந்ததால் விவாகரத்துக் கோரி வழக்குப் போட்டிருந்தார். 1951இல், கொழும்புத் தமிழ்ச் சமூகத்தில், புகழ்பெற்ற கணவனுக்கு எதிராக ஒரு பெண் நீதிமன்றம் போவது சிறிய காரியமல்ல.

ஒக்டோபர் 9ஆம் திகதி பிற்பகல் அவருடைய உடல் வீட்டின் கராஜில் கிடந்தது. கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. சமையலறை மர உரல் கழுத்தின்மேல் வைக்கப்பட்டிருந்தது. அணிந்திருந்த நகைகள் காணாமற்போயிருந்தன. முந்திய இரவு அந்த வீட்டில் தங்கிய சதாசிவம் காலை பத்தரை மணியளவில் டாக்சி வரவழைத்துப் போய்விட்டார். சில நாட்களுக்கு முன்னர்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த கிராமத்து இளைஞன் ஒருவனையும் காணவில்லை. சதாசிவம் அன்றே கைதானார். ஒன்பது நாட்களில் அவருக்கு 36 வயதாகவிருந்தது. வேலைக்கார இளைஞன் சில நாட்களில் பிடிபட்டான்.

பிடிபட்டவன் சொன்னது இதுதான்: எசமான்தான் கொன்றார், நான் உதவினேன், கூலியாக நகைகளைத் தந்தார். அரச தரப்பு அவனுக்கு நிபந்தனையோடு மன்னிப்பு அளித்துத் தன் சாட்சியாக ஆக்கிக்கொண்டது. கொலையில் பங்குகொண்டதாகத் தானே ஒப்புக்கொண்டவன் சாட்சிக் கூண்டுக்குப் போனான். மறுத்தவர் குற்றவாளிக் கூண்டுக்குப் போனார்.

ஐம்பத்தேழு நாட்கள்

சதாசிவம் இருபது மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். 1953இல் வழக்கு உயர் நீதிமன்றத்தில், நீதியரசர் ஈ. எஃப். என். கிராஷியன் முன்னிலையில், ஜூரிகளுடன் விசாரணைக்கு வந்தது. அரச தரப்பில் ரி. எஸ். பெர்னாண்டோ. எதிரிக்காக வாதாடியவர் டாக்டர் கொல்வின் ஆர். டி சில்வா, சமசமாஜக் கட்சியின் தலைவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் 1972 அரசியலமைப்பை வரைவதற்குத் தலைமைதாங்கிய அதே கொல்வின். ஒரு தமிழ்க் கனவானைச் சிங்கள மார்க்சியவாதி ஒருவர் காப்பாற்ற நின்றதும், அதே மனிதர் எழுதிய அரசியலமைப்பைத் தமிழர் கட்சிகள் நிராகரித்ததும் இந்த நாட்டின் விசித்திரங்களில் ஒன்று.

விசாரணை 57 நாட்கள் நடந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து புதுக்கடை நடை தூரம். என் பெரியப்பா போன்ற இளைஞர்கள் வேலைக்குப் போகும் வழியில் நீதிமன்ற வாசலில் நின்று கறுப்பு வாகனம் வருவதைப் பார்த்துவிட்டுப் போவார்களாம். மாலையில் பத்திரிகை வந்ததும் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். சதா செய்தாரா இல்லையா என்று பந்தயம் கட்டியவர்களும் இருந்தார்கள். ஓவலில் அவர் சதம் அடிப்பாரா என்று பந்தயம் கட்டியவர்களும் அவர்கள்தாம்.

வழக்கின் மையம் ஒரே ஒரு கேள்வி: அந்தப் பெண் எத்தனை மணிக்கு இறந்தார்? பத்தரைக்கு முன் என்றால் கணவன் வீட்டில் இருந்தார். பத்தரைக்குப் பின் என்றால் இருக்கவில்லை. பிரேதப் பரிசோதனை செய்தவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தடயவியல் மருத்துவப் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம். இறந்தபின் உடல் எவ்வளவு வேகத்தில் குளிர்கிறது என்பதைக் கணக்கிட்டு நேரத்தை அறிவது அக்காலத்தில் ஐரோப்பியப் பாடநூல்களில் இருந்த முறை. ஆனால் அந்தக் கணக்குகள் குளிர்நாட்டுக்கு உரியவை. லண்டனில் அறையின் வெப்பத்துக்கும் உடலின் வெப்பத்துக்கும் இடைவெளி பெரிது, உடல் சீக்கிரம் குளிரும். கொழும்பின் பிற்பகலில் அந்த இடைவெளி ஏழெட்டுப் பாகைதான். ஆகவே உடல் மிக மெதுவாகக் குளிரும், சிறு பிழைகூட மணிக்கணக்கில் வித்தியாசம் காட்டும். டி சேரம் இதற்காகவே தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்களில் வெப்பநிலையை அளந்து வெப்பநாட்டுக்கான கணக்கை உருவாக்க முயன்றார். அந்த ஆய்வு 1955இல் வெளியாகி, இன்றும் உலகத் தடயவியல் நூல்களில் மேற்கோளாகிறது. அவர் கணித்த மரண நேரமே எதிரித் தரப்பின் பெரிய பலமாக அமைந்தது.

எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித் எதிரித் தரப்புக்காகக் கொழும்பு வந்து சாட்சியம் அளித்தார். உலகப் புகழ்பெற்ற தடயவியல் நிபுணர் அவர். கொலை நடந்தது மாடிப் படுக்கையறையிலா, கீழே சமையலறையிலா என்பது அடுத்த கேள்வி. அரச சாட்சி சொன்னது மாடி. இறந்தவரின் உள்ளங்கால்களில் இருந்த அழுக்கு சமையலறையைக் காட்டியது என்றது எதிரித் தரப்பு. சமையலறை என்றால், கணவன் போன பிறகு நகைக்காக நடந்த கொலை என்ற முடிவுக்கு வழி திறக்கும். ஸ்மித் பின்னர் எழுதிய நினைவு நூலிலும் இந்த வழக்கு இடம்பெற்றது.

1953 ஜூன் 25ஆம் திகதி ஜூரிகள் ஏகமனதாக சதாசிவம் குற்றவாளி அல்லர் என்றார்கள். அவர் வெளியே வந்தார். மன்னிப்புப் பெற்ற சாட்சியும் வீட்டுக்குப் போனான். கொலை நடந்தது உறுதி. ஆனால் அதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

பிறகு

விடுதலையான மனிதருக்குக் கொழும்பு பழைய கொழும்பாக இருக்கவில்லை. நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது, ஊர் இன்னும் தீர்ப்பளித்துக்கொண்டிருந்தது. வெள்ளவத்தைச் சந்தையிலும் கோயில் வாசலிலும் பேச்சு ஓயவில்லை. அவர் கடல் கடந்தார். முதலில் சிங்கப்பூர், பிறகு மலாயா. இரண்டு அணிகளுக்கும் தலைவரானார். வழக்கமாக ஒரு நாட்டுக்குத் தலைவராவதே வாழ்நாள் சாதனை. இவர் மூன்று நாடுகளுக்குத் தலைவரானார் என்று சொல்லும்போது எல்லோரும் திறமையைத்தான் பார்க்கிறார்கள். நான் அதில் ஊர்விட்டு ஊர் போன ஒரு மனிதனையும் பார்க்கிறேன். நாற்பதை நெருங்கியவர், தன் சிறந்த ஆண்டுகளில் இரண்டைச் சிறையில் விட்டவர், தன்னை அறியாதவர்கள் மத்தியில் மறுபடி மட்டையோடு நின்றார். மறுமணமும் செய்துகொண்டார்.

பின்னாளில் கொழும்புக்குத் திரும்பினார். தமிழ் யூனியனில் இளைஞர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டார்கள். 1977 ஜூலை 9ஆம் திகதி, 61 வயதில், காலமானார்.

அவர் இறந்த அந்த ஆண்டு இன்னும் பலவற்றைக் கொண்டுவந்தது. பன்னிரண்டு நாட்களில் பொதுத் தேர்தல். ஆட்சி மாறியது. ஓகஸ்டில் தமிழருக்கு எதிரான வன்முறை நாடெங்கும் பரவியது. அதே ஆண்டில்தான் கொழும்பு ஓவல் பி. சரவணமுத்து மைதானம் என்று பெயர் மாறியது. மைதானத்துக்குத் தமிழ்ப் பெயர் கிடைத்த ஆண்டிலேயே தமிழர் வீடுகள் எரிந்தன.

அவர் இறந்து ஐந்து ஆண்டு கழித்து, 1982 பெப்ரவரி 17ஆம் திகதி, இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை இங்கிலாந்துக்கு எதிராக அதே மைதானத்தில் ஆடியது. அடுத்த ஆண்டு ஜூலையில் பொரளைக் கனத்தை மயானத்தில் தொடங்கிய வன்முறை தலைநகரத்தை எரித்தது. பேஸ்லைன் வீதியில், அவர் படித்த பள்ளிக்கும் ஆடிய மைதானத்துக்கும் எட்டும் தூரத்தில், வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். கொழும்புத் தமிழர் பலர் கப்பலிலும் விமானத்திலும் போய்ச் சேர்ந்தார்கள். தமிழ் யூனியன் அங்கேயே இருந்தது. 1985 செப்டம்பரில் இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியை, இந்தியாவுக்கு எதிராக, அந்த மைதானத்தில்தான் பெற்றது. நாடே கொண்டாடிய அந்த வெற்றியை அகதி முகாம்களைக் கண்டு வந்த தமிழர் எந்த மனதோடு வானொலியில் கேட்டார்கள் என்பதை வீட்டுக்கு வீடு விசாரித்தால் ஒரே பதில் கிடைக்காது. எங்கள் வீட்டிலேயே கிடைக்கவில்லை. பெரியப்பா கைதட்டினார். அவருடைய தம்பி எழுந்து வெளியே போனார்.

பிறகு முத்தையா முரளிதரன் வந்தார். கண்டியில் மலையகத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் தமிழ் யூனியனுக்கு ஆடி, 2010இல் 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு ஓய்வுபெற்றார். 1948இல் கழகத்தின் பெரிய மனிதர்கள் மறந்திருந்த தமிழர் கூட்டத்திலிருந்துதான் அந்தக் கழகத்தின் மிகப் பெரிய பெயர் வந்தது. இன்று தமிழ் யூனியனுக்கு ஆடுபவர்களில் பெரும்பாலானோர் சிங்கள இளைஞர்கள். ரங்கன ஹேரத் ஆடிய கழகமும் அதுதான். பெயர்ப்பலகையில் தமிழ் என்ற சொல் மாறாமல் இருக்கிறது. அதைச் சிலர் தோல்வி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இனத்துக்கு ஒன்றாகத் தொடங்கிய கழகங்களில் ஒன்று, பெயரை விடாமல் கதவை மட்டும் திறந்துவிட்டது. நாடு அதைச் செய்ய இன்னும் கற்கவில்லை.

எந்தப் பெயரால் அழைப்பது

சதாசிவத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒரு பகுதியினர் வழக்கை ஒரு பந்தியில் கடந்துபோய் லேட் கட்டில் நிற்கிறார்கள். மற்றவர்கள் லேட் கட்டை ஒரு வரியில் சொல்லிவிட்டு, தீர்ப்பு சரியா பிழையா என்று மறுபடி விசாரிக்கிறார்கள். இரண்டுமே எனக்கு உவப்பில்லை. ஏகமனதான தீர்ப்பு ஒன்றை எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு வதந்தியை வைத்து மாற்ற எவருக்கும் உரிமை இல்லை. சட்டம் அவரைக் குற்றமற்றவர் என்றது, அவர் குற்றமற்றவர். அதே நேரம், குற்றமற்ற கணவர் எல்லோரும் நல்ல கணவர் என்று பொருளும் இல்லை. விவாகரத்து மனு அவருடைய மனைவியின் கையொப்பத்தோடு அந்த ஒக்டோபருக்கு முன்னரே நீதிமன்றத்தில் இருந்தது.

இந்த வழக்கை எல்லோரும் சதாசிவம் கொலை வழக்கு என்றே சொல்கிறோம். கொலையானவர் சதாசிவம் அல்லர். கொன்றவர் என்று நிரூபிக்கப்பட்டவரும் அல்லர். இறந்த பெண்ணின் பெயர் தலைப்பில் எங்கும் இல்லை. திருமதி சதாசிவம் என்று மட்டும் வரும். அந்தப் பெயரைக் கைவிடத்தான் அவர் நீதிமன்றப் படியேறினார். இறந்தபின் அதையே அவருக்கு நிரந்தரமாக ஒட்டிவிட்டோம். அவர் எப்படிச் சிரிப்பார், எதை விரும்பிப் படிப்பார், பிள்ளைகளை என்ன செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று கேட்க எழுதியவர்கள் எவருக்கும் தோன்றவில்லை. அவருடைய உடலின் வெப்பநிலை மட்டும் பாகைக் கணக்கில் எங்களுக்குத் தெரியும்.

சதாவின் லேட் கட்டை எனக்குக் காட்டிய பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு அந்தச் சைகையும் போய்விடும். 215 என்ற எண் பதிவேட்டில் இருக்கும். மூன்று நாட்டுத் தலைவர் என்ற பெருமையும் இருக்கும். அவற்றைத் தமிழர்கள் சொல்லிக்கொள்ளட்டும், சொல்லவேண்டியவைதான். சொல்லும்போது பரிபூரணம் ஆனந்தம் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பழகினால், 57 நாள் விசாரணையில் எவரும் அவருக்குக் கொடுக்காத ஒன்றை இனியாவது கொடுத்தவர்களாவோம்.